பட்டாணி சொருகாத குச்சி

அப்பு,

நீ கொடுத்துவிட்டுப் போன சோலியை நான் முடிக்கவில்லை. முடிக்கப் போவதும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் "ம்மா, மொதல்ல நான் சொல்றதக் கேளு" என்று குறுக்கே விழுவாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே விழ முடியாது. முழுவதையும் படித்துவிட்டுத்தான் கோபப்பட வேண்டும். மதுரை பஸ் கண்டக்டர் கையில் இதையும் ஒரு பிஸ்கட் டப்பாவையும் கொடுத்து அனுப்புகிறேன். டப்பாவை முதலில் திறக்காதே. தீபாவளிக்கு எடுத்த சட்டையை முந்தின வாரமே பீரோவிலிருந்து உருவிப் போட்டுப் பார்த்து, மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்ட பிள்ளை நீ. எனக்குத் தெரியாது என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். இந்த ஒரு தடவை கொஞ்சம் பொறு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ மதுரைக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய். "ம்மா, கல்யாணத்துக்கப்புறம் சுகந்தி அந்த மலப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம். நம்ம வீட்டுக்கு அது ஒத்து வராது. நீ ஒரு வார்த்த சொன்னா கேப்பா." சொல்லிவிட்டு என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தெருவில் இறங்கிவிட்டாய். பெரிய விஷயத்தையெல்லாம் செருப்பு மாட்டும்போது சொல்வது உன் அப்பாவிடமிருந்து உனக்கு வந்த பழக்கம். நானும் "சரிப்பா" என்று தலையாட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளுக்குள் அந்த எண்ணம் இருந்தது. ஆவணியில் கல்யாணம். நீ தேனிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாய், இரண்டு பேரும் போடியில் எங்களோடு இருப்பீர்கள். அதுவரை எல்லாம் நல்லதுதான். ஆனால் அவள் தினமும் காலையில் எஸ்டேட் பெண்களோடு ஜீப்பில் போடிமெட்டு ஏறி, மெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்கி வர வேண்டும். இப்போது அவளுக்கு அந்தக் கவலை இல்லை. அவள் அப்பா வேலை பார்க்கும் எஸ்டேட்டிலேயே வீடு, வீட்டிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை தெரியும். அவள் படித்ததும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான்.

இதற்கு முன்பே ஒரு கூத்து நடந்திருந்தது. அதை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆடி பிறந்ததும் சுகந்தி எனக்குப் போன் செய்தாள். முகூர்த்தப் புடவை விஷயமாக இருக்கும் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் கேட்டது, "அத்தே, கொண்டக்கடல எவ்வளவு நேரம் ஊறணும்?" வகுப்பில் அணுவும் மூலக்கூறும் பாடமாம். அணுக்கள் ஒன்றோடொன்று கை கோத்து நிற்பதுதான் மூலக்கூறு, அதைப் பிள்ளைகள் கையால் செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும் என்றாள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் பந்துக்கெல்லாம் அங்கே வழியில்லை. ஊறவைத்த பயறுதான் அணு, ஈர்க்குச்சிதான் கை. கார்பனுக்குக் கறுப்புக் கொண்டைக்கடலை, ஹைட்ரஜனுக்கு வெள்ளைப் பட்டாணி, ஆக்சிஜனுக்கு மொச்சை. ஊறினால் குச்சி சுலபமாக இறங்கும், காய்ந்ததும் பயறு சுருங்கிக் குச்சியை இறுகப் பிடித்துக்கொள்ளும். எனக்கு ஒரே பெருமை. சிலமலைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவளிடம் கடலை ஊறப்போடுவது பற்றிக் கேட்டால் சும்மா இருப்பேனா? "ராத்திரி ஊறப் போடு. காலைல தண்ணிய வடிச்சிட்டு ஈரத்துணியில கட்டித் தொங்கவிடு" என்று கணீரென்று சொன்னேன். நான் சொன்னது முளைகட்டிய சுண்டலுக்கு. பழக்கத்தில் வாய் சுண்டலுக்குப் போய்விட்டது. அவளும் அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்படியே செய்துவிட்டாள். அது என்ன ஆனது என்பது பிறகு வருகிறது.

செவ்வாய்க்கிழமை நான் மேலே கிளம்பினேன். சம்பந்தி வீட்டையும் பார்த்த மாதிரி இருக்கும், நீ சொன்னதையும் பேசிவிடலாம் என்று கணக்கு. வருகிறேன் என்று போன் செய்தபோது சுகந்தி, "அத்தே, வரும்போது ஒரு தென்ன வெளக்கமாறு வாங்கிட்டு வாங்க. இங்க கெடைக்கிறது பூராம் புல்லு வெளக்கமாறு, குச்சிக்கு ஆகாது" என்றாள். நானும் யோசிக்காமல் சந்தையில் ஒரு புது விளக்குமாறு வாங்கி, பூவும் பழமும் இருந்த பையில் செருகிக்கொண்டு ஜீப் ஸ்டாண்டில் போய் நின்றேன். பையை மீறி அது தலைக்கு மேலே நின்றது. ஜீப்பில் எனக்குப் பக்கத்தில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி, ஏலக்காய் எடுக்கப் போகிறவள், நல்ல வாய். "என்னக்கா, ஆடி மாசத்துல வெளக்கமாத்தத் தூக்கிக்கிட்டு எங்க?" என்றாள். சம்பந்தி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டேன். ஜீப்பே குலுங்கியது. "பொண்ணெடுக்கப் போறீகளா, சண்டைக்குப் போறீகளா?" அவமானம் தாங்காமல் அணு, மூலக்கூறு என்று விளக்கப் போனேன். அது இன்னும் மோசம். "அணுவா? பொட்டிபுரத்து மலையக் கொடஞ்சு என்னமோ செய்யப் போறதாச் சொன்னாகளே, அதுவா?" என்றாள். இல்லையம்மா, இது கடலையில் செய்வது என்றேன். "அப்ப வெடிக்காதுல்ல?" என்று கேட்டு என் பக்கமிருந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

முந்தல் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் ஜீப் திரும்பியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த ரோட்டில் நான் ஏறி எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா ஓட்டிய ஜீப்பும் இதே மாதிரி ஜீப்புதான். சாயங்காலம் ஆட்களை இறக்கிக்கொண்டு வரும்போது மேலேயிருந்து உனக்கென்று ஏதாவது கொண்டுவருவார், ஒரு நாள் கொய்யா, ஒரு நாள் காட்டுப்பழம். அதற்காகவே நீ பள்ளிக்கூடம் விட்டதும் ஜீப் ஸ்டாண்டில் போய் நிற்பாய். அன்றைக்கு மற்ற ஜீப்பெல்லாம் வந்துவிட்டன. அப்பா ஜீப் வரவில்லை. மூடுபனியில் வளைவு தெரியாமல் சறுக்கி, கீழே ஒரு மரத்தில் முட்டி நின்றுவிட்டது. கடவுள் புண்ணியம், பெண்களுக்கு எல்லாம் சிராய்ப்போடு போயிற்று, அப்பாவுக்குத்தான் கால் நொறுங்கிவிட்டது. யாரோ வந்து சொல்லி நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஓடுகிற அவசரத்தில் நீ ஸ்டாண்டில் நிற்பது எனக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் போய் உன்னைக் கூட்டி வந்தார். "எங்கப்பா வரட்டும், வர்றேன்" என்று வர மறுத்து ஒரு ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். விரலைப் பிரித்துத்தான் கூட்டி வந்தார்களாம். அன்றிலிருந்துதான் உனக்கு அந்தப் பழக்கம். நான் வெண்டைக்காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போனாலும் மதுரையிலிருந்து போன் போட்டு "வீட்டுக்கு வந்துட்டியா?" என்று கேட்பாய். நான் சலித்துக்கொள்வது போல நடிப்பேன். ஆனால் அந்தப் போன் வராத நாளில் எனக்குச் சோறு இறங்காது.

பள்ளிக்கூடத்தில் போய் இறங்கும்போது சாரல். அங்கே மூடுபனியை மஞ்சு என்கிறார்கள், அது ஜன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் எழுந்து பாட்டு மாதிரி வணக்கம் சொன்னார்கள். சுகந்தி என் கையிலிருந்த பூவையும் பழத்தையும் விட்டுவிட்டு விளக்குமாற்றைத்தான் முதலில் வாங்கிக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம் முகத்தில். பிறகுதான் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்ததைக் காட்டினாள். அப்பு, அதை நீ பார்த்திருக்க வேண்டும். பிள்ளைகள் போன வாரம் செய்த மூலக்கூறுகள். போடி என்றால் அந்தக் காற்றுக்கும் வெயிலுக்கும் ஒரே நாளில் காய்ந்து கல்லாகியிருக்கும். மலையில், ஆடிச் சாரலில், அது எங்கே காய? ஏற்கெனவே நான் வேறு முளைகட்டச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு கொண்டைக்கடலையும் வெள்ளை வெளேரென்று வால் விட்டிருந்தது. சிலது இலைகூட விட்டுவிட்டது. மூலக்கூறு தோட்டமாகிக் கிடந்தது. எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. அந்த நேரம் பார்த்து முத்துமாரி என்று ஒரு பெண், முன் வரிசையில் ரெட்டைச் சடை, எழுந்து நின்று சொல்கிறாள்: "டீச்சர், கார்பனுக்கு நாலு கைன்னு சொன்னீக. எங்க கார்பனுக்கு அஞ்சாவது கை மொளச்சிருச்சு."

நானாக இருந்தால் "சும்மா உக்காருடி" என்றிருப்பேன். சுகந்தி அந்த முளைவிட்டதைக் கழற்றி மேஜைமேல் வைத்து எல்லோரையும் சுற்றி வரச் சொன்னாள். "சரி, இது நம்ம செஞ்ச அணு. நெசமான அணு இப்படி மொளைக்குமா?" என்று கேட்டாள். மொளைக்காது என்றார்கள். "அப்ப இதுக்கும் அதுக்கும் வேற என்னென்ன வித்தியாசம்?" என்றாள். பிள்ளைகள் அள்ளிக் கொட்டினார்கள். நிஜ அணுவுக்குத் தோல் கிடையாது. நிஜ அணு ஊறாது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒருவன் "நெச அணுவத் திங்க முடியாது" என்றான், உடனே முத்துமாரி "திங்கிற எல்லாமே அணுதானடா" என்று அவனை அடக்கினாள். சுகந்தி சிரித்துக்கொண்டே, மாதிரி என்பது புரிந்துகொள்ளத்தான், அதையே நிஜம் என்று நம்பிவிடக் கூடாது என்றாள். பிறகு என்னைக் காட்டி, "இந்தக் கையத் தந்தது எங்க அத்ததான்" என்று சொன்னாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். அத்தனை பேர் முன்னால் என் தப்பை என் மேல் வைத்தும், என்னைச் சிறுமைப்படுத்தாமல் வைத்தாளே, அந்த இடத்தில் எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. நீ அவளைப் பற்றி முதலில் சொன்னபோது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேனே, அதை நீ மறந்துவிடு.

வருகிற சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் அறிவியல் நாள். காய் எடுக்கிற பெண்களும் ஆண்களும் தங்கள் பிள்ளைகள் செய்ததைப் பார்க்க வருவார்கள். முளைவிட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? முந்தின ராத்திரியே புதிதாக ஊறப்போட்டிருந்தாள், இந்தத் தடவை துணியெல்லாம் இல்லை. விளக்குமாற்றைப் பிரித்துக் குச்சிகளை ஒடித்து எல்லோரும் உட்கார்ந்தோம். நானும் பெஞ்சில் முத்துமாரி பக்கத்தில் உட்கார்ந்து மீத்தேன் செய்தேன். நடுவில் ஒரு கொண்டைக்கடலை, அதிலிருந்து நாலு பக்கமும் குச்சி, குச்சி நுனியில் ஒவ்வொரு பட்டாணி. பார்க்கத்தான் சுலபம். அழுத்திக் குத்தினால் பட்டாணி பிளந்துவிடுகிறது, மெதுவாகக் குத்தினால் நிற்கவில்லை. ஆயுசு முழுக்கக் கடலை அவித்த கைக்கு ஒரு கடலையில் குச்சி ஏற்றத் தெரியவில்லை. "பாட்டி, திருகிக்கிட்டே எறக்குங்க" என்று முத்துமாரி சொல்லித் தந்தாள். நாலாவது பட்டாணியை நான் பிளந்துகொண்டே இருந்தேன். அதற்குள் தட்டோடு எடுத்துக்கொண்டு போக நேரமாகிவிட்டது. என்னுடைய மீத்தேன் ஒரு கை வெறுமையாகவே கிளம்பிற்று.

எங்கே கிளம்பிற்று என்கிறாயா? சுகந்தியின் அப்பா வேலை பார்க்கும் ஸ்டோருக்கு. பச்சை ஏலக்காயை விறகுச் சூட்டில் உலர்த்துகிற இடத்தை அங்கே ஸ்டோர் என்கிறார்கள். முதல் எடுப்புக் காய் வந்திருந்தது. கதவைத் திறந்ததும் அந்த வாசனையும் சூடும் முகத்தில் வந்து அறைந்தது. உன் மாமனார் ஒரு தட்டுக் காயைக் கிளறிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வாங்க சம்பந்தியம்மா, சாயா குடிக்கலாம்" என்றவர், பிள்ளைகள் கையிலிருந்த தட்டுகளைப் பார்த்து, "இது என்ன, ஏலக்கா ஸ்டோருல சுண்டலு?" என்றார். சுகந்தி விவரம் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, "மொதலாளி கேட்டா இது புது ரகம்னு சொல்லிர்றேன்" என்று சொல்லி மேல் தட்டில் ஒரு ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் மூலக்கூறைக் கொண்டுபோய் ஏலக்காய்க்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி அவ்வளவு பதனமாக வைத்தார்கள்.

திரும்பி நடக்கும்போது நானும் அவளும் மட்டும். மஞ்சு கனத்து, பக்கத்தில் வருகிற அவள் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. பேச இதுதான் நேரம் என்று தொண்டையைச் செருமினேன். அவள் முந்திக்கொண்டாள். "அத்தே, அவரு ஒங்கள அனுப்பிச்சாரா?" நான் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். எனக்குப் பொய் வராது என்பது உனக்குத் தெரியும். அவள் கோபப்படவில்லை. "எங்கிட்டயும் சொன்னாரு. நம்ம வீட்டுக்கு ஒத்து வராதுன்னாரு. என்ன ஒத்து வரலன்னு கேட்டா போன வச்சிர்றாரு. மழ வலுக்கிற நாள்ல நான் எங்கம்மா வீட்லயே தங்கிக்கிறேன். நெதானமா ஓட்டுற ஆளாப் பாத்து ஏறிக்கிறேன். எதுன்னாலும் பேசலாம். ஒத்து வராதுங்கிற வார்த்தைய வச்சுக்கிட்டு என்னத்த அத்தே பேச?" என்றாள். பிறகு, "விட்டுத்தான் ஆகணும்னா விட்டுர்றேன். ஆனா எதுக்கு விட்டேன்னு எனக்குத் தெரியணும்ல?" என்றாள். அவளுக்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்தில் அறிவியலுக்கு வந்தவர்கள் யாரும் ஒரு மழைக்காலம் தாண்டித் தங்கியதில்லையாம். அவள் போனால் அந்த முத்துமாரிக்கு மறுபடி யாரும் இருக்க மாட்டார்கள்.

நான் சொல்ல வாயெடுத்தேன் அப்பு. "அவனுக்குப் பயம்டா கண்ணு, அவங்கப்பாவுக்கு நடந்தது தெரியும்ல" என்று ஆரம்பிக்கப் போனேன். மாமாவின் காலைப் பார்த்திருக்கிறாயே என்று மட்டும் கேட்டேன். அவள் சாதாரணமாக, "மாமாவுக்குப் பொறந்ததுல இருந்தே காலு அப்படித்தானாமே, அவரு சொன்னாரு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மஞ்சில் அவளுக்கு என் முகம் தெரியாமல் போனதும் நல்லதுதான். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் நீ இதைச் சொல்லவே இல்லையா? உன் அப்பா காலை நீ பிறவிக் கால் ஆக்கிவிட்டாயா? நான் வாயை மூடிக்கொண்டேன். அது என் கதை இல்லை. ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான் இல்லை, நீ. உன் வாயால்தான் அவள் அதைக் கேட்க வேண்டும். நீ சொல்லச் சொன்னதையும் நான் அவளிடம் சொல்லவில்லை, நீ சொல்லாமல் விட்டதையும் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜீப் வரை நடந்தேன், அவ்வளவுதான்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். கால் ஓரளவு தேறிய பிறகு மறுபடி ஜீப் ஓட்டப் போகிறேன் என்று கிளம்புவார், ஸ்டாண்டு வரை போவார், திரும்பி வந்து "கால் வலிக்குது" என்பார். நான் தைலம் தேய்த்துவிடுவேன். ஒரு மழைக்காலம் முழுவதும் தேய்த்தேன். தைலம் தீர்ந்ததே தவிர வலி தீரவில்லை. அவர் எரிந்து விழுவார், நானும் எரிந்து விழுவேன். நீ இரண்டு பேருக்கும் நடுவில் தட்டை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து சாப்பிடுவாய். ஒரு மத்தியானம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. ஸ்டேரிங்கத் தொட்டா கை நடுங்குதுடி. எனக்குப் பயமாருக்கு" என்றார். அவ்வளவு பெரிய ஆள், சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார். நான் வெங்காயத்தைச் சாக்காக வைத்து நன்றாக அழுதேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டையே வரவில்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய். ஆனால் அன்றிலிருந்து எந்தச் சண்டை எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. வலி என்று அவர் சொன்னபோது எனக்குத் தைலம்தான் தெரிந்தது. பயம் என்று சொன்ன பிறகுதான் ஜீப்பை விட்டுவிட்டுப் பஞ்சர் கடை வைக்கலாம் என்று ஒரு வழி தெரிந்தது.

நீயும் அதைத்தான் செய்கிறாய். ஒத்து வராது என்பது உன் தைலம். உன்னை நான் தப்பாக நினைக்கவில்லை. பெண்டாட்டியை வீட்டில் பூட்டி வைக்க நினைக்கிற ஆள் என் வயிற்றில் பிறக்கவில்லை. அவள் ஒரு சாயங்காலம் வராமல் போய்விடுவாளோ, மறுபடி நீ அந்த ஸ்டாண்டில் நிற்க வேண்டி வருமோ என்று உனக்குப் பயம். அந்தப் பயத்தில் தப்பே இல்லை. அந்த ரோட்டில் ஆபத்து இல்லை என்று நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். நானே கண்ணை மூடிக்கொண்டுதான் போனேன், இறங்கும்போதும் மூடிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் உன் தலைக்குள் ஒரு ஜீப் நிற்கிறது, அது உன் அப்பாவுடையது. அவள் ஏறப்போகிற ஜீப்பை நீ இன்னும் பார்க்கவே இல்லை. பார்த்த பிறகும் பயம் இருந்தால், அதையே அவளிடம் சொல். எந்த நாளில் போகலாம், எந்த நாளில் தங்கலாம், யார் ஓட்டினால் ஏறலாம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். என்ன முடிவானாலும் எனக்குச் சம்மதம். அவளாக யோசித்து வேலையை விட்டாலும் சம்மதம். காரணம் தெரியாமல் விட்டாள் என்றால் மட்டும் நான் உன்னைச் சும்மா விட மாட்டேன்.

இப்போது டப்பாவைத் திற. நேற்று உன் மாமனார் ஜீப் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். நான் செய்த மீத்தேன். மோந்து பார், ஏலக்காய் மணக்கும். குச்சியைப் பிடித்து இழுத்துப் பார், கடலை விடாது, காய்ந்து அப்படிப் பிடித்திருக்கிறது. நாலாவது குச்சியில் பட்டாணி இல்லை. மூலையில் ஒரு பொட்டலத்தில் கொஞ்சம் பட்டாணி வைத்திருக்கிறேன். காய்ந்த பட்டாணியில் குச்சி இறங்காது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்கே வந்ததும் ஊறப்போடு. ஈரத்துணியில் கட்டாதே, அந்த யோசனை சொன்னவளுக்குப் புத்தி இல்லை. சனிக்கிழமை காலை மேலே எடுத்துக்கொண்டு போய், அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அவள் முன்னாலேயே சொருகு. முதல் பட்டாணி பிளந்துபோகும், அதற்குத்தான் கூடவே வைத்திருக்கிறேன். திருகிக்கொண்டே இறக்க வேண்டும். வரவில்லை என்றால் முத்துமாரி சொல்லித் தருவாள்.

ஜீப்பில் இடம் சொல்லி வைத்துவிட்டேன். முன் சீட்டு கிடைக்கவில்லை, பின்னால் பேச்சியம்மாள் கூட்டத்தோடுதான் உட்கார வேண்டும். கிண்டலுக்குத் தயாராக வா. நடந்தது எல்லாவற்றையும் உன் அப்பாவிடம் சொன்னேன், நீ அவர் காலைப் பிறவிக் கால் ஆக்கியதையும் சேர்த்து. கடையில் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். காற்றுக்குமிழி வந்த இடத்தை விரலால் மூடிக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தார். பிறகு, "சனிக்கிழமதான?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அவன் ஒத்தையா அந்த ரோட்டுல ஏற வேண்டாம். நானும் வர்றேன், எனக்கும் ஒரு எடம் சொல்லு" என்றார்.

உன் அம்மா